சமையல் எண்ணெய் இறக்குமதியில் சுங்க வரிவிலக்குத் தகராறு: கொங்கு ஆலைக்காரர்களுக்கும் பாக்கெட் போடுபவர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரையும் தேங்காய் எண்ணெயும், ஈரோட்டுப் பக்கம் கடலை எண்ணெயும் என்று நம் ஊர் எண்ணெய்த் தொழில் உள்ளூர்ச் சரக்கில் வளர்ந்தது. ஆனால் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ டேங்கில் இறங்கும் பாமாயிலையும் சூரியகாந்தி எண்ணெயையும் டேங்கர் லாரியில் கொண்டுவந்து, சுத்திகரித்தோ நேரடியாகப் பாக்கெட் போட்டோ விற்பவர்கள் இங்கே நிறையப் பேர். விலக்கு வரியில் சரக்கை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வித்தியாச வரி கேட்டுச் சுங்கத் துறை நோட்டீஸ் வந்த பிறகு வக்கீலைத் தேடுவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கின் முடிவு பெரும்பாலும் கப்பல் துறைமுகத்துக்கு வரும் முன்பே, நீங்கள் வைத்திருக்கும் காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி நோட்டீஸிலிருந்து தொடங்காமல் ஒப்பந்தத்திலிருந்து தொடங்குகிறது.

பணயம் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுங்கள். 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம், சுத்திகரித்தவற்றுக்கு 32.5 சதவீதம் என்று ஆனது. 2025 மே 31 முதல் கச்சாவுக்கு மட்டும் அது 10 சதவீதமாக இறங்கியது. வேளாண் உள்கட்டமைப்புத் தீர்வை 5, இரண்டின் மீதும் சமூகநல மேல்வரி 10 சதவீதம் சேர்த்தால் கச்சாவுக்கு 16.5 சதவீதம் வருகிறது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75 சதவீதம். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள சரக்கைக் கச்சா என்று எடுத்து, அது கச்சா இல்லை என்று அதிகாரி முடிவு செய்தால் வித்தியாசம் மட்டும் 19.25 லட்சம். பிரிவு 28ஏஏ-வின்படி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்தால் இரண்டு வருடத்தில் இன்னும் 5.77 லட்சம். அபராதம் தனி.

முதல் படி: அறிவிக்கையின் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

விலக்கு, சுங்கச் சட்டம் 1962-இன் பிரிவு 25-இன் கீழ் அறிவிக்கையாக வருகிறது. 2017 ஜூன் 30-இன் 50/2017 அறிவிக்கைதான் பல ஆண்டுகள் அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் அதன் இடத்தில் 45/2025 வந்திருக்கிறது. அட்டவணையில் வரிசை எண், சுங்கத் தலைப்பு, சரக்கின் விவரம், வரி விகிதம், நிபந்தனை எண் என்று பத்திகள் இருக்கும். பெரும்பாலோர் விகிதத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். தகராறு பிறப்பது விவரப் பத்தியிலும் நிபந்தனைப் பத்தியிலும்தான். ‘உண்ணும் தரம்’, ‘கச்சா’, ‘மொத்தமாக’, ‘இன்னது தயாரிப்பதற்காக’ போன்ற ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக உங்களிடம் ஒரு ஆவணம் இருக்க வேண்டும். எந்தச் சொல்லுக்கு ஆவணம் இல்லையோ, நோட்டீஸ் அந்தச் சொல்லில்தான் வரும்.

இதற்குச் சட்டக் காரணம் உண்டு. 2018 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு திலீப் குமார் அண்ட் கம்பெனி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. விலக்கு அறிவிக்கையில் இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் அரசுக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும், விலக்குக்குத் தகுதி உண்டு என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது என்பது அந்தத் தீர்ப்பு. அதற்கு முன் ‘சந்தேகத்தின் பலன் வரி கட்டுபவருக்கு’ என்று வாதாடி ஜெயித்த பழைய தீர்ப்புகளை இன்று நம்பி இறங்காதீர்கள். அதே சமயம், ஒரு சரக்குக்கு இரண்டு விலக்குகள் பொருந்தினால் எது லாபமோ அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை 2001-இல் எச்.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

சந்தேகம் பெரிதாக இருந்தால் ஒப்பந்தம் போடும் முன்பே முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். டில்லியிலும் மும்பையிலும் இருக்கிறது, கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்பு சில ஆண்டுகள் செல்லும். தொடர்ந்து ஒரே சரக்கை இறக்குபவருக்கு இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

இரண்டாம் படி: தேதியையும் நேரத்தையும் கையில் பிடியுங்கள்

எண்ணெய்க்கு வரி ஒரே இரவில் மாறும். அதனால் இந்தச் சரக்கில் தேதித் தகராறு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

பிரிவு 15-இன் விதி இதுதான்: நேரடியாக எடுக்கும் சரக்குக்குப் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிவிப்பு) தாக்கலான நாளின் வரி. வரி கட்டாமல் சுங்கக் கட்டுப்பாட்டில் இருக்கும் பாண்டட் டேங்கில் வைத்த சரக்குக்கு, அதை வெளியே எடுக்க எக்ஸ்-பாண்ட் பில் போடும் நாளின் வரி. முன்கூட்டியே பில் போட்டிருந்தால், கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கொடுத்த நாளில் போட்டதாகவே கொள்ளப்படும். இந்தக் கடைசி வரிதான் பலரையும் கவிழ்த்திருக்கிறது. கப்பல் வருவதற்கு முன்பே பில்லைப் போட்டு, பழைய வரி உறுதியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உள்நுழைவுக்கு முதல் நாள் வரி ஏறினால் ஏறிய வரிதான். 1989-இல் உச்ச நீதிமன்றம் முடித்த பாரத் சர்பாக்டன்ட்ஸ் வழக்கும் இதுதான். எண்ணெய்க் கப்பல் மும்பைக்கு வந்து, நிறுத்த இடமில்லாமல் சரக்கை இறக்காமலே வேறு துறைமுகம் போய்த் திரும்பியது. இடைப்பட்ட நாட்களில் வரி 12.5 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏறிவிட்டது. திரும்பி வந்து கிடைத்த உள்நுழைவு நாளின் வரியே செல்லும் என்று தீர்ப்பானது.

ஒப்பந்தத் தேதியும் எல்.சி. (விற்பவருக்குப் பணம் உறுதி சொல்லும் வங்கிக் கடிதம்) திறந்த தேதியும் வரி விகிதத்துக்குப் பொருட்டே இல்லை. விலக்கை நம்பி ஒப்பந்தம் போட்டோம், பாதியில் திரும்பப் பெற்றது அநியாயம் என்ற வாதத்தைக் கசின்கா டிரேடிங் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வரும்போது பழைய எல்.சி.க்கு வணிகக் கொள்கையில் பாதுகாப்பு உண்டு. 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயிலைக் கட்டுப்படுத்தியபோது பேசப்பட்டது அதுதான். வரி உயர்வுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது.

அறிவிக்கை எப்போது உயிர் பெறுகிறது என்பது அடுத்த கேள்வி. 2001 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை, பாமோலினுக்கு அரசு நிர்ணய மதிப்பை மாற்றும் அறிவிக்கை வந்தது. அரசிதழ் விற்பனைக்கு வந்தது ஆகஸ்ட் 6 அன்றுதான். ஆகஸ்ட் 3-க்கு அது செல்லாது என்று பரம் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 2016-இல் பிரிவு 25(4)-ஐத் திருத்தி, விற்பனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையை அரசு எடுத்துவிட்டது. இருந்தும் தகராறு ஓயவில்லை. கச்சா பாமாயில் வரியை 30-லிருந்து 44 சதவீதமாக உயர்த்திய 2018 மார்ச் 1 அறிவிக்கை, மின் அரசிதழில் உண்மையில் என்று வெளியானது என்பதே உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 செப்டம்பரில் ஜி.எஸ். சத்தா ரைஸ் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மணிக் கணக்குக்கே இறங்கியது. பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்ட அறிவிக்கை 2019 பிப்ரவரி 16 இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடிக்கு வெளியானது. அன்று அதற்கு முன்பே தாக்கலான பில்களுக்குப் பழைய வரிதான் என்றது நீதிமன்றம்.

ஆகவே வரி மாறும் நாளில் செய்ய வேண்டியவை: மின் அரசிதழ் தளத்திலிருந்து அறிவிக்கையின் பி.டி.எஃப்-ஐ இறக்குங்கள். கடைசிப் பக்கத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சொடுக்கினால் தேதி, மணி, நிமிடம், நொடி வரும். அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் உங்கள் பில் ஏற்கப்பட்ட நேரம் உள்ள ஒப்புகையையும், கப்பல் ஏஜென்ட்டிடமிருந்து உள்நுழைவு அனுமதி நேரத்தையும் அன்றே வாங்குங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள்.

மூன்றாம் படி: மாதிரி எடுக்கும் நேரத்தில் ஆள் நிற்க வேண்டும்

கச்சாவா சுத்திகரித்ததா, உண்ணும் தரமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது சுங்க ஆய்வகம். அங்கே போகும் பாட்டில்தான் வழக்கின் முதல் சாட்சி. இதில் காட்டும் அலட்சியத்தைப் பிறகு எந்த வக்கீலாலும் சரிசெய்ய முடியாது.

பாமாயிலின் கதை இதற்குச் சரியான பாடம். 21/2002 அறிவிக்கையில் கச்சா பாமாயிலுக்கு, கரோட்டினாய்டு கிலோவுக்கு 500 முதல் 2500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்த காலம் உண்டு. ஏற்றிய இடத்தில் 500-க்குச் சற்று மேலே இருந்த எண்ணெய், இறக்கிய இடத்தில் அதற்குக் கீழே போய், விலக்கு மறுக்கப்பட்டு வழக்குகள் குவிந்தன. காரணம் ஏமாற்று என்று இருக்க வேண்டியதில்லை. கரோட்டின் சூட்டிலும் வெளிச்சத்திலும் காற்றிலும் சிதைகிற பொருள். கச்சா பாமாயிலைப் பயணத்தில் 32 முதல் 40 டிகிரியில் வைத்து, இறக்கும்போது 50 முதல் 55 டிகிரிக்குச் சூடேற்றுவார்கள். வேகமாகச் சூடேற்றினாலும், மாதிரியை வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் வெயில் படும் அலமாரியில் வைத்தாலும் எண் இறங்கும். அந்த நிபந்தனை இப்போது இருக்கிறதோ இல்லையோ, எண்ணால் வரையறுத்த எந்த நிபந்தனைக்கும் இதே ஆபத்து பொருந்தும்.

செய்ய வேண்டியது: கப்பலின் ஒவ்வொரு டேங்கிலும் மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எடுத்துக் கலந்த மாதிரியா என்று பாருங்கள். அடியில் மட்டும் எடுத்தால் ஈரமும் கசடும் கூடுதலாகக் காட்டும். பழுப்புநிறப் பாட்டில், முத்திரை, அதிகாரி, சர்வேயர், உங்கள் ஆள் மூவரின் கையொப்பம், டேங்க் எண், வெப்பநிலை, நேரம் எல்லாம் லேபிளில் வர வேண்டும். முத்திரையிட்ட ஒரு பாட்டில் உங்களுக்கும் கேளுங்கள். கப்பலில் ஏற்றியபோது எடுத்த மாதிரியின் அறிக்கையையும் விற்றவரிடமிருந்து வாங்கிப் பக்கத்தில் வையுங்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் டெஸ்ட் மெமோவைப் படிக்காமல் விடாதீர்கள். அறிவிக்கை எதைக் கேட்கிறதோ அந்தச் சொற்களிலேயே கேள்வி இருக்க வேண்டும். ‘இது சுத்திகரித்ததா?’ என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். எண்களின் அலகையும் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் எஃப்.எஃப்.ஏ. (தனிக் கொழுப்பமிலம்) என்பது பால்மிடிக் அமிலமாகச் சதவீதத்தில் இருக்கும். ஆய்வக அறிக்கை அமில மதிப்பில் வரலாம். பாமாயிலில் எஃப்.எஃப்.ஏ-வை 2.19-ஆல் பெருக்கினால் அமில மதிப்பு. 3.5 சதவீத எஃப்.எஃப்.ஏ. என்பது 7.67 அமில மதிப்பு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதிய நோட்டீஸ்கள் உண்டு. முதல் பக்கத்திலேயே இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள்.

அறிக்கை பாதகமாக வந்தால் மறுபரிசோதனை கேட்கலாம். அறிக்கை கையில் கிடைத்த 10 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டதாகவே துறை வாதாடும்.

எடையிலும் ஒரு சொல். வரி, கரையில் உள்ள டேங்கில் இறங்கிய அளவுக்குத்தான், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் ஏற்றியதற்கான சீட்டு) அளவுக்கு அல்ல. மங்களூர் ரிஃபைனரி வழக்கில் (2015) கச்சா பெட்ரோலியத்துக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது மொத்தமாக வரும் எண்ணெய்க்கும் பொருந்தும். டேங்க் டிப் அறிக்கையை வாங்கி வையுங்கள்.

நான்காம் படி: ஹை சீ சேலிலும் பாண்டட் டேங்கிலும் வாங்கும்போது

கொங்குப் பக்கத்துச் சிறு ஆலைகள் முழுக் கப்பலை வாங்குவதில்லை. பெரிய இறக்குமதியாளரிடமிருந்து ஐந்நூறோ ஆயிரமோ டன் ஹை சீ சேலில் (சரக்கு கடலில் இருக்கும்போதே நடக்கும் விற்பனையில்) வாங்குவார்கள், இல்லையேல் பாண்டட் டேங்கில் வைத்திருப்பதை வாங்குவார்கள். அந்த நிமிடமே சட்டத்தின் கண்ணில் இறக்குமதியாளர் நீங்கள். நோட்டீஸும் உங்கள் பெயருக்குத்தான் வரும். ‘ஏஜென்ட் பாத்துக்குவாருங்க’ என்ற பேச்சு அங்கே எடுபடாது.

விற்றவரின் உரிமத்தோடு ஒட்டிய விலக்கு சரக்கோடு சேர்ந்து உங்களிடம் வராது. 2022 மே 24-இன் 30/2022 அறிவிக்கையில் கச்சா சோயாவுக்கும் கச்சா சூரியகாந்திக்கும் தனித்தனியாக ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரியில்லாமல் விட்டார்களே, அது வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் ஒதுக்கீடு பெற்றவருக்கு மட்டும். 2023 மே மாதம் அதன் மிச்சத்துக்கு அவகாசம் கொடுத்தபோது, பில் ஆஃப் லேடிங் 2023 மார்ச் 31-க்குள், சரக்கு எடுப்பது ஜூன் 30-க்குள் என்று இரண்டு தேதிகள் வைத்தார்கள். முதல் தேதி சரியாக இருந்து இரண்டாவது தவறினாலும் விலக்கு இல்லை.

பாண்டட் டேங்கில் வாங்கினால், எக்ஸ்-பாண்ட் போடும் நாள் வரை வரி ஏறும் ஆபத்து உங்களுடையது. 90 நாளுக்கு மேல் வைத்தால் வட்டியும் ஓடும். ‘வரி மாறினால் வித்தியாசம் யாருக்கு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். விற்றவரின் மூல ஒப்பந்தம், எந்த நாட்டில் உருவானது என்ற தோற்றச் சான்று, ஏற்றுமிட ஆய்வறிக்கை ஆகியவற்றைத் தரும் கடமையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: இறுதிப் பயன்பாட்டு விலக்கும் தோற்ற விலக்கும்

சோப்பு, கொழுப்பமிலம் தயாரிக்க பாம் ஸ்டியரின் (பாமாயிலின் கெட்டிப் பகுதி) போன்றவற்றைக் குறைந்த வரியில் எடுப்பவர்கள், அப்படிச் சலுகை வரியில் இறக்குவதற்கான 2022-இன் ஐ.ஜி.சி.ஆர். விதிகளைப் பின்பற்ற வேண்டும். இணையத்தில் முன்தகவல், பாண்ட் (உறுதிப் பத்திரம்), இருப்புக் கணக்கு, அறிக்கை. 2025 பட்ஜெட்டுக்குப் பின் பயன்படுத்தும் காலம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடமானது, மாத அறிக்கை காலாண்டாக மாறியது. எண்ணெயைக் கொழுப்பமிலமாகப் பிரிக்கும் இயந்திரம் ஆலையிலேயே இருக்க வேண்டும் என்று அறிவிக்கை சொன்னால், வேறொருவர் ஆலையில் பிரித்தோம் என்பது உதவாது. நடைமுறைத் தவறை மன்னிக்கலாம், அடிப்படை நிபந்தனை மீறலை மன்னிக்க முடியாது என்பதுதான் ஹரி சந்த் ஸ்ரீ கோபால் தீர்ப்பின் (2010) சாரம்.

நேபாளத்திலிருந்து சாஃப்டா என்ற தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் கீழ் வரும் சுத்திகரித்த எண்ணெயில் தோற்றச் சான்று மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் அமலில் உள்ள கரோட்டர் (தோற்ற நாட்டைச் சரிபார்க்கும்) விதிகளின்படி, அந்த எண்ணெய் அங்கே எப்படி உருவானது, மதிப்புக்கூட்டல் எவ்வளவு என்ற விவரத்தை நீங்களே வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு. மலேசியக் கச்சா எண்ணெயை நேபாளத்தில் சுத்திகரித்து அனுப்பினால் 30 சதவீத மதிப்புக்கூட்டல் வருகிறதா என்பதுதான் கேள்வியே. அதிகாரி கேட்டால் 10 வேலை நாளில் பதில் தர வேண்டும்.

ஆறாம் படி: அதிகாரி விலக்கை மறுத்தால்

டேங்க் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் ‘மறுமதிப்பீட்டை ஏற்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தால் பிரிவு 17(5)-இன் காரண உத்தரவைக் கேட்கும் உரிமை போய்விடும். ஏற்காவிட்டால் 15 நாளுக்குள் காரணங்களோடு உத்தரவு தர அதிகாரி கடமைப்பட்டவர்.

ஆய்வறிக்கை வர வேண்டியிருந்தால் பிரிவு 18-இன் கீழ் தற்காலிக மதிப்பீடு கேளுங்கள். பாண்டும் உத்தரவாதமும் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடலாம். 2025 நிதிச் சட்டம் இதை இரண்டு ஆண்டுக்குள், தேவையானால் இன்னும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறது. இரண்டும் கிடைக்காமல் முழு வரியைக் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், எதிர்ப்போடு கட்டுவதாகக் கடிதம் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிய பிறகு கட்டுங்கள்.

ஏழாம் படி: நோட்டீஸ் வந்தால்

முதலில் தேதியைப் பாருங்கள். சாதாரணமாக இரண்டு ஆண்டுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். வேண்டுமென்றே மறைத்தல், பொய் விவரம், கூட்டுச்சதி இருந்தால்தான் ஐந்து ஆண்டு. பில்லில் விலக்கு எண்ணைத் தெளிவாக எழுதி, மாதிரியும் எடுக்கப்பட்டு, ஆவணங்களும் கொடுத்திருந்தால் மறைத்ததாகச் சொல்ல இடமில்லை. இது பல வழக்குகளில் பாதித் தொகையைக் கழித்துவிடும் வாதம். டி.ஆர்.ஐ. (வருவாய்ப் புலனாய்வு இயக்ககம்) அதிகாரிக்கு நோட்டீஸ் தரவே அதிகாரமில்லை என்ற 2021-இன் கேனான் தீர்ப்பு, 2024 நவம்பர் 7-இல் மறுசீராய்வில் மாறிவிட்டது. அதை இன்னும் பதிலில் எழுதுபவர்கள் தாளை வீணாக்குகிறார்கள்.

தவறு உண்மையில் உங்கள் பக்கமென்றால் கணக்கைப் பாருங்கள். இரண்டாண்டு வகை நோட்டீஸில் 30 நாளுக்குள் வரியும் வட்டியும் கட்டினால் அபராதமில்லை. ஐந்தாண்டு வகையில் வரியின் 15 சதவீத அபராதத்தோடு முடிகிறது. சண்டை போட்டுத் தோற்றால் வரிக்குச் சமமான அபராதம் வரை போகும்.

சண்டை போடுவதென்றால், ஆய்வறிக்கை தந்த வேதியியலாளரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டு முதல் பதிலிலேயே எழுதுங்கள். மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கேட்டால் மதிப்பு குறைந்துவிடும்.

எட்டாம் படி: மேல்முறையீடு

கமிஷனருக்குக் கீழுள்ள அதிகாரியின் உத்தரவுக்கு எதிராக ஆணையர் (மேல்முறையீடு) முன்பு 60 நாளில் போக வேண்டும். இன்னும் 30 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம், அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் கதவு மூடியதுதான். கமிஷனரே போட்ட உத்தரவென்றால் நேரே சென்னை செஸ்டாட் தீர்ப்பாயம், மூன்று மாதம். முதல் மேல்முறையீட்டுக்குத் தகராறுத் தொகையில் 7.5 சதவீதம் முன்வைப்பு. நம் 19.25 லட்சக் கணக்கில் 1.44 லட்சம். இரண்டாவதாகத் தீர்ப்பாயம் போனால் 10 சதவீதம்.

தீர்ப்பாயத்துக்கு மேலே எங்கே என்பதில் பலர் வழி தவறுகிறார்கள். விலக்கு பொருந்துமா என்பது வரி விகிதம் சார்ந்த கேள்வி. அதனால் அது உயர் நீதிமன்றத்துக்குப் போகாது, பிரிவு 130இ-இன்படி நேராக உச்ச நீதிமன்றம். ரிட் மனு, காரண உத்தரவு தராமல் இழுத்தடிப்பது, விசாரணையே இல்லாமல் உத்தரவு போடுவது போன்ற இடங்களில் பயன்படும். தூத்துக்குடிச் சரக்குக்கு மதுரைக் கிளை, சென்னைச் சரக்குக்குச் சென்னை.

ஒன்பதாம் படி: கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறுதல்

விலக்கைக் கேட்க மறந்து முழு வரி கட்டியிருந்தால், நேரே ரீஃபண்ட் மனுப் போட்டால் தள்ளுபடியாகும். தன்மதிப்பீடும் ஒரு உத்தரவுதான், அதை மாற்றாமல் ரீஃபண்ட் இல்லை என்று 2019-இல் ஐ.டி.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 60 நாளுக்குள் என்றால் மேல்முறையீடு. கடந்துவிட்டால் பிரிவு 149-இன் கீழ் பில்லைத் திருத்தக் கேளுங்கள். சரக்கை எடுத்த அன்றே இருந்த ஆவணம் அதற்குத் தேவை. 2025 நிதிச் சட்டம் சேர்த்த பிரிவு 18ஏ-வின் சுயதிருத்த வழியையும் பாருங்கள். பிறகு பிரிவு 27-இன்படி ஓராண்டுக்குள் மனு. எதிர்ப்போடு கட்டியிருந்தால் அந்த ஓராண்டுக் கெடு இல்லை.

கடைசித் தடை, வரிச்சுமையை வாங்கியவர் தலையில் ஏற்றிவிட்டீர்களா என்பது. ஏற்றிவிட்டதாகவே பிரிவு 28டி அனுமானிக்கிறது. அந்த ஆண்டு இருப்புநிலைக் குறிப்பில் அந்தத் தொகையைச் செலவில் எழுதாமல் ‘சுங்கத் துறையிடமிருந்து வரவேண்டியது’ என்று காட்டியிருக்க வேண்டும், ஆடிட்டர் சான்றும் வேண்டும். ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரி கட்டிய சரக்கை டேங்கிலிருந்து வாங்கிய பாக்கெட்காரருக்கும், சுமை தன் மேல்தான் விழுந்தது என்று காட்ட முடிந்தால், தன் பெயரில் ரீஃபண்ட் கேட்கும் உரிமை உண்டு. அவருக்கு ஓராண்டு என்பது அவர் சரக்கு வாங்கிய தேதியிலிருந்து ஓடும். டேங்கர் லாரிப் பில்லில் எந்தப் பில் ஆஃப் என்ட்ரியின் சரக்கு என்ற எண்ணை விற்பவரை எழுதச் சொல்லி வாங்கியிருந்தால்தான் இது நடக்கும்.